லைசென்ஸ் வந்தாச்சு, லாரி எங்கே?

தருமபுரியில் ஷெட் ஷெட்டாக அலையும் புது டிரைவர்கள்

தருமபுரி:

"தம்பி, எத்தனை வருஷ சர்வீஸ்?"

"இப்பதான் லைசென்ஸ் எடுத்தேன்ணா. ஹெவி."

"யாருகிட்ட கிளீனரா இருந்தே?"

"இல்லைங்ணா, ஸ்கூல்ல கத்துக்கிட்டேன்."

"நம்பரைக் குடுத்துட்டுப் போ. சொல்லி அனுப்பறேன்."

சொல்லி அனுப்புகிறேன் என்றால் அனுப்ப மாட்டார் என்று அர்த்தம். தருமபுரி மாவட்டத்தில் எந்த லாரி ஷெட்டுக்குப் போனாலும் புது டிரைவருக்கு நடக்கிற பேச்சு இதுதான். வெளியூர் வேண்டாம், ராத்திரி வீட்டுச் சோறு சாப்பிடுகிற மாதிரி லோக்கல் வண்டி கிடைத்தால் போதும் என்று வருகிற பையன்கள், செருப்பு தேய்ந்துதான் வீடு திரும்புகிறார்கள்.

ஹெவி லைசென்ஸ் ஒன்றும் சும்மா கிடைப்பதில்லை. முதலில் கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். வயது 20 ஆகி இருக்க வேண்டும். 8-ம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் 2019-ல் மத்திய அரசு நீக்கிவிட்டது. பிறகு பயிற்சிப் பள்ளிக்குப் பணம். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் டெஸ்ட். இத்தனையும் முடித்து வருகிறவனைப் பார்த்துத்தான் "சர்வீஸ் எத்தனை?" என்கிறார்கள்.

ஏணி எங்கே போனது?

அந்தக் காலத்தில் இந்தத் தொழிலுக்கு ஒரு ஏணி இருந்தது. மீசை முளைக்காத வயதில் கிளீனராக ஏறுவான். வண்டி கழுவுவான், ஜாக்கி போடுவான், தார்ப்பாய் கட்டுவான், டிரைவரிடம் திட்டு வாங்குவான். காலி ரோட்டில் கொஞ்சம் ஸ்டீரிங் பிடிப்பான். நாலைந்து வருஷத்தில் இரண்டாவது டிரைவர். அப்புறம் தனி வண்டி. ஓனருக்கும் பையனை நன்றாகத் தெரியும்.

அந்த ஏணியின் படிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. டீசல், டோல், டயர் என்று செலவு ஏறியதும் ஓனர்கள் முதலில் கை வைத்தது கிளீனர் மீதுதான். நேஷனல் பர்மிட் வண்டிக்கு 2 டிரைவர் கட்டாயம் என்ற விதியும் 2018-ல் போய்விட்டது. ஓனருக்கு ஒரு சம்பளம் மிச்சம். ஆனால் புதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்ற அந்த சீட்டு காலி!

இன்று "டிரைவர் கிடைக்கவில்லை" என்று புலம்புகிறவர்களும் இதே ஓனர்கள்தான்.

தொப்பூர் பயம்

ஓனர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. தருமபுரியில் இருந்து சேலத்துக்கு லோடு போக வேண்டும் என்றால் தொப்பூர் கணவாயில் இறங்கியே ஆக வேண்டும். காஷ்மீரில் இருந்து கன்னியாகுமரி வரை போகிற தேசிய நெடுஞ்சாலையில் டிரைவர்கள் பெயர் சொன்னாலே முகம் சுளிக்கிற இறக்கங்களில் இது ஒன்று.

2020 டிசம்பர் 12-ந் தேதி சிமெண்டு ஏற்றி வந்த லாரி ஒன்று இந்த இறக்கத்தில் பிடி இழந்து, முன்னால் நின்ற கார், வேன்களை வரிசையாக நசுக்கியது. 4 பேர் பலி. 2024 ஜனவரி 24-ந் தேதி மறுபடியும் அதே தொப்பூர். லாரி லாரியை இடித்தது, நடுவில் கார் சிக்கியது, ஒரு லாரி பாலத்தில் இருந்து கீழே விழுந்தது, தீயும் பிடித்தது. அப்போதும் 4 பேர் பலி.

இங்கே நடக்கிற தப்பு எல்லா டிரைவருக்கும் தெரிந்ததுதான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது! கியரில் இருந்தால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் போட்டால் மொத்த பாரமும் பிரேக்கின் தலையில். மிதிக்க மிதிக்க லைனர் சூடேறும். கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. ஏற்றத்தில் எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய ஆட்களின் பாடம். இந்தப் பாடம் சமதள மைதானத்தில் எட்டு போட்டால் வராது. பயிற்சிப் பள்ளிக்கு விதி சொல்வது 30 நாள் பயிற்சி. அதில் ஸ்டீரிங் பிடிக்க வேண்டியது குறைந்தது 15 மணி நேரம். லோடு வண்டியோடு கணவாய் இறங்கிப் பழக அதில் இடம் ஏது?

லோக்கல் சீட் பெரிசுகளுக்கு

இன்னொரு சிக்கலும் உண்டு. லோக்கல் வண்டி சுலபம், ஆகவே புதியவனுக்குக் கொடுப்பார்கள் என்று பையன்கள் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். இருபது வருஷம் லைன் ஓட்டி முதுகு போன டிரைவர்கள், பிள்ளை படிப்பு, பெண் கல்யாணம் என்று ஊரோடு இருக்க ஆசைப்பட்டு லோக்கல் சீட்டைப் பிடித்துக் கொள்கிறார்கள். காசு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்கிறார்கள். இதனால் வீட்டை விட்டு ஒரு நாளும் பிரிந்திராத 21 வயதுப் பையனுக்கு வருவது பதினைந்து நாள் வடக்கே போகிற வண்டிதான், அதுவும் வந்தால்!

குட்டி யானை காட்டும் வழி

இப்போதைக்கு ஒரு வழி சின்ன வண்டி. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை ஓட்ட கார் லைசென்சே போதும், தனி பேட்ஜ் வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் சொன்னது. 2024 நவம்பர் 6-ந் தேதி 5 நீதிபதிகள் பெஞ்ச் அதை உறுதி செய்தது. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டிலும், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் மரவள்ளிக் காட்டிலும் இந்த ரக வண்டிகளுக்கு வேலை உண்டு. இரண்டு வருஷம் இதில் பெயர் எடுத்தால், அடுத்து ஹெவி ஓனர் முகம் கொடுத்துப் பேசுவார். கோபாலபுரம் சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு லாரிக்கும் ஆள் தேடுவார்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏறக் கூடாது. எப்.சி., இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் சாவியை வாங்கினால், விபத்து நடந்த அன்று ஸ்டேஷனில் நிற்பது டிரைவர்தான். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவனிடமும், ஒரிஜினல் லைசென்சை "அடமானமாக" வாங்கி வைப்பவனிடமும் கும்பிடு போட்டு நகர்ந்துவிடுவது நல்லது. 2025 வரை அமலில் இருந்த 1961-ம் ஆண்டு மோட்டார் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்றது. ஆனால் அது 5 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்துக்குத்தான். ஒற்றை லாரி ஓனரிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. அமைப்பு சாரா ஓட்டுநர்களுக்கான நல வாரியத்தில் பதிவு செய்து கொள்வதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

அதிர்ஷ்டம் உள்ள பையனுக்கு நல்ல மூத்த டிரைவர் ஒருவர் வாய்ப்பார். பாலக்கோட்டில் விடியற்காலை தக்காளிப் பெட்டி ஏற்றி, கயிறு கட்டுவது பையன் வேலை. தொப்பூர் இறக்கத்தில் ஸ்டீரிங் மூத்தவர் கையில். பையன் கியரைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில். சேலத்தில் லோடு இறக்கி டீ குடித்ததும் சாவி கைமாறும். காலி வண்டியோடு கணவாய் ஏறி வருவது பையன்.