கணினிப் பேரேட்டில் ஓர் அடையாளச் சொல்

தோட்டத்தில் செக்ரோல் என்றால் தெரியாதவர் இல்லை. பால்வெட்டுபவர், செம்பனைக் குலை அறுப்பவர், நாள்கூலிக்குப் புல் வெட்டுபவர், எல்லாரும் ஒரே ஏட்டில்தான் இருப்பார்கள். மூவருக்கும் பெயர், எண், சேர்ந்த தேதி உண்டு. ஆனால் ஒருவருக்குப் பாலின் எடை, ஒருவருக்குக் குலைக் கணக்கு, மற்றவருக்கு நாள் கணக்கு. இதே ஏட்டை உங்கள் பிள்ளை ஜாவா மொழியில் கணினிக்கு எழுதினால் எப்படி எழுதுவார்?

முதலில் ‘தொழிலாளி’ என்று ஒரு தாய் வகையை அமைப்பார். பொதுவானவை அதில் இருக்கும். மற்ற மூன்று வகைகளும் அவற்றைப் பரம்பரைச் சொத்துப்போல் பெற்று, தமக்குரியதைக் கூட்டிக்கொள்ளும். 2006-ஆம் ஆண்டு வெளிவந்த ஜாவா பெர்சிஸ்டன்ஸ் விதிமுறை, இவை அனைத்தையும் ஒரே அட்டவணையில் வைக்க இடம் தருகிறது. குலை அறுப்பவர் வரியில் பாலின் எடைக் கட்டம் வெறுமையாகக் கிடக்கும், அது பிழையன்று. ஆனால் எந்த வரி எவ்வகை ஆளுடையது? அதைக் காட்ட ஒரு தனிக் கட்டம் உண்டு. நாம் பெயர் சூட்டாவிட்டால் அது ‘டிடைப்’ என்ற பெயரைத் தானே வைத்துக்கொள்ளும். அதில் எழுதவேண்டிய அடையாளச் சொல்லையும் நாம் சொல்லாவிட்டால், வகையின் பெயரையே எழுதிவிடும்.

விபரீதம் இங்கேதான். இரண்டு ஆண்டு கழித்து யாரோ ஒருவர், ‘பால்வெட்டுபவர்’ என்ற வகையின் பெயரை ‘ரப்பர்த் தொழிலாளி’ என்று மாற்றுகிறார். புதிய வரிகளில் புதிய சொல் விழும். பழைய வரிகளில் பழைய சொல்லே நிற்கும். சம்பளத்துக்காக ரப்பர்த் தொழிலாளர் பட்டியலைக் கேட்டால், பழைய ஆட்கள் அதில் வரமாட்டார்கள். கணினி வாய் திறக்காது. பெயர் அழியவில்லை, ஏட்டில் இருக்கிறது, கூலிதான் வரவில்லை.

ஆகவே அடையாளச் சொல்லை நாமே கொடுத்துவிட வேண்டும். ‘ப’, ‘கு’, ‘நா’ என்று சிறிதாக எழுதிவைத்தால், வகையின் பெயர் எத்தனை முறை மாறினாலும் ஏடு கலையாது.

சரி, பால்வெட்டுபவர் நாளை செம்பனைக்குப் போனால்? ஒருமுறை பதிவான ஆளின் வகையை மாற்ற அந்த விதிமுறையில் வழி இல்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினால் சேவைக் காலம் குழம்பும். என் அபிப்பிராயத்தில், ஆளுக்கு அடையாளம் இடுவதைவிட அன்றன்று செய்த வேலைக்கு இடுவதே நல்லது. ஆளுக்கு ஒரே வரி. திங்கட்கிழமை வேலைக்கு ‘ப’, செவ்வாய்க்கிழமை வேலைக்கு ‘கு’. பிரட்டு முடிந்ததும் கிராணிமார் செக்ரோலில் பதிந்ததும் இப்படித்தானே.