பழம்பொருள் விற்பனையும் அயலாரும்

புதுச்சேரி காந்தி வீதியில் கூடும் ஞாயிறு சந்தையிலும், வீடு மாறும் குடும்பங்களிடத்தும், பயன்படுத்திய பொருள்கள் கைமாறுகின்றன. வணிகரல்லாத நாமும் கட்டில், மிதிவண்டி, தையல் இயந்திரம் ஆகியவற்றை விற்கிறோம். அவற்றின் குறையை நாமே சொல்ல வேண்டுமா?

இவ்வினாவுக்கு இந்நகர் இருவகைச் சட்ட விடைகளைக் கண்டுள்ளது. 1819இல் இங்கு நடைமுறைக்கு வந்த பிரெஞ்சு உரிமையியல் சட்டம், மறைந்துள்ள குறைகளுக்கு விற்பவரையே பொறுப்பாக்கியது. அறிந்தே மறைத்தவர் விலையுடன் இழப்பீடும் தரவேண்டும். இப்போது இங்குப் பொருந்தும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமோ, வெறும் மௌனம் பொதுவாக மோசடியாகாது என்கிறது. அதன் 17ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு சிந்திக்கத்தக்கது: குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் வாளாவிருக்கலாம், ஆனால் வாங்குபவர் அண்மையில் உரிய வயதடைந்த அவருடைய மகளாயின், சொல்லியே ஆகவேண்டும்.

சட்டம் மகளுக்கு அளிக்கும் இவ்வுண்மையைத் திருமறை அயலார் அனைவருக்கும் உரியதாக்குகிறது. விற்பனையில் ஒருவரையொருவர் ஒடுக்கலாகாது எனக் கூறும் லேவியராகமம் 25:14-16, எஞ்சியுள்ள விளைச்சல்களை எண்ணியே நிலத்திற்கு விலை வகுக்கச் சொல்கிறது. பழம்பொருளுக்கும் இதுவே அளவுகோல். நாம் அன்று கொடுத்த விலையன்று, இனி அது உழைக்கும் காலமே அதன் மதிப்பு.

பழைய மிதிவண்டியை வாங்குவோர் பெரும்பாலும் புதியதை வாங்க இயலாதவர். அது வழியில் நின்றுவிடின், அவருடைய அன்றைய கூலியும் நின்றுவிடும். எனவே குறையைக் கூறுதல் நேர்மை. வயலின் ஓரத்தை அறுக்காமல் விடுவதுபோல் (லேவியராகமம் 19:9) விலையிலும் ஓர் ஓரத்தை அவருக்கென விட்டுவைத்தல் ஈகை. முன்னது நம் கடமை. பின்னது நாம் மனமுவந்து அளிப்பது.