அரண்மனை இல்லாத அரண்மனைக்காரத் தெரு

அயோத்தியாப்பட்டணம் எனக்குச் சொந்த ஊர். சேலத்துக்குப் பக்கம். "ராமர் அங்கேயா பொறந்தாரு?" என்று கேட்காத ஆபீஸ் நண்பர் கிடையாது. "பொறக்கலை சார், இலங்கையிலிருந்து திரும்புற வழியில எங்க ஊர்ல பட்டாபிஷேகம் பண்ணிக்கிட்டாரு" என்பேன். எங்கள் கோதண்டராமர் கோயில் கதை அப்படி. ஆக, பெயர் விவகாரத்தில் நான் கில்லாடி என்ற நினைப்பு!

அது சென்னை பாரிமுனையில் கவிழ்ந்தது.

ஆபீஸ் வேலையாக ஹைகோர்ட் பக்கம் போனவன், 'அரண்மனைக்காரத் தெரு' என்ற பெயரைக் கேட்டதும் டீக்கடையில் விசாரித்தேன். "அண்ணே, அரண்மனை எங்கே?"

"ஏதுப்பா அரண்மனை? ஆர்மீனியன் தெருவைத்தான் நம்மாளுங்க அரண்மனை ஆக்கிட்டாங்க. அதோ சர்ச், போய்ப் பாரு!"

போனேன். அதே தெருவில் அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். இங்கே காக்காய் கத்துவதுகூடக் கணீரென்று கேட்டது. 1772-ல் கட்டிய மாதா கோயில். முற்றமெல்லாம் கல்லறைக் கற்கள். ஜிலேபி பிழிந்த மாதிரி ஆர்மீனிய எழுத்துக்கள்.

பாரசீகத்து ஜூல்ஃபாவிலிருந்து பட்டு, ரத்தின வியாபாரத்துக்கு வந்தவர்கள் இந்த ஆர்மீனியர்கள். சம்பாதித்ததை மூட்டை கட்டிக்கொண்டு மட்டும் போய்விடவில்லை. கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற வியாபாரி 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குத் தன் பணத்தில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிக்கட்டும் அவர் உபயம்தான். 1751-ல் இறந்தவரை வேப்பேரியில் அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் ஜூல்ஃபாவுக்கு அனுப்பியதாகச் சொல்கிறார்கள்.

இன்னொருவர் பாதிரியார் ஹரூத்யூன் ஷ்மவோனியன். பெற்ற இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அவர்தான் 1794-ல் 'அஸ்தரார்' பத்திரிகையை நடத்தினார். உலகத்திலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகை அச்சானது நம் மெட்ராஸில்! அவர் தூங்குவதும் இந்தக் கோயில் வளாகத்தில்தான்.

மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிப்பார்களாம். பூசைக்கு வர ஆர்மீனியக் குடும்பங்கள்தான் இல்லை. பராமரிப்பெல்லாம் கல்கத்தா ஆர்மீனியச் சபையார்.

அங்கிருந்த பெரியவரிடம் கேட்டேன். "கேக்க ஆளே இல்லை. யாருக்காக ஐயா மணி?"

"நிறுத்திட்டா, இங்க இருந்தாங்கங்கறதே இல்லாமப் போயிடுமே தம்பி!"

எனக்கு ஊரில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீடு ஞாபகம் வந்தது. விளக்கேற்றி எத்தனை மாசம்?

திரும்பும்போது சைதாப்பேட்டைப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. டிராபிக். உஸ்கானின் பழைய பாலம் போய், மறைமலையடிகள் பேரில் புதுப் பாலம் வந்தாச்சு. ஆற்றைத் தாண்ட வழி போட்டுக் கொடுத்தது என்னவோ அந்த மனுஷர்தான்.

வழக்கமாக டிரைவரைத் திட்டுவேன். அன்றைக்கு மனசு வரவில்லை. தாம்பரம் வந்ததும் ஊருக்குப் போன் போட்டேன். "சித்தப்பா, ஞாயித்துக்கிழமை வர்றேன். சாவி உங்ககிட்டதானே இருக்கு?"