ரவுட்டருக்கு இரண்டு மறைச்சொற்கள்

உங்கள் வீட்டு ரவுட்டரை மெல்லத் திருப்பி, அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வைஃபையின் பெயரும் அதன் மறைச்சொல்லும் அதில் இருக்கும். வீட்டுக்கு வரும் உறவினருக்கு நாம் படித்துச் சொல்வது அதைத்தான். கொஞ்சம் கீழே, இன்னும் சிறிய எழுத்தில், 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பதுபோல ஓர் எண்ணும் அதன் பக்கத்தில் வேறொரு மறைச்சொல்லும் இருக்கலாம். பல வீடுகளில் இந்த இரண்டாவது மறைச்சொல்லை யாரும் தொட்டதே இல்லை.

முதல் மறைச்சொல் வைஃபையில் சேர்வதற்கு. இரண்டாவது, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறப்பதற்கு. அந்தப் பக்கத்தைத் திறக்க முடிந்தவர், முதல் மறைச்சொல்லையும் மாற்றலாம், வீட்டில் உள்ள எல்லாரும் எந்த இணையப்பக்கத்துக்குப் போகிறார்கள் என்பதையும் மாற்றலாம். எப்படி என்று பிறகு பார்ப்போம்.

வீட்டு வைஃபையில் இருந்தபடி உலாவியில் அந்த எண்ணைத் தட்டினால் அமைப்புப் பக்கம் வரும். ஏகப்பட்ட பட்டியல்கள் இருந்தாலும் அடிப்படையில் இரண்டே பிரிவுகள்தான். ஒன்று ‘வேன்’, மற்றொன்று ‘லேன்’. வேன் என்றதும் பள்ளி வேன் நினைவுக்கு வரலாம். இங்கே அது வெளியுலக இணையத்தைக் குறிக்கிறது. லேன் என்பது வீட்டுக்குள் இருக்கும் வலையமைப்பு. இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் ரவுட்டர், அதாவது திசைவி.

வேன் பக்கத்தில் நமக்கு அதிக வேலை இல்லை. சிங்கப்பூரில் பெரும்பாலும் ‘தானியங்கி ஐபி’ என்று விட்டாலே போதும். ஜோகூரில் இருக்கும் உங்கள் மாமா வீட்டில் ‘பிபிபிஓஇ’ என்று இருந்து, பயனர் பெயரும் கேட்கலாம். தொலைபேசிக் கம்பி வழியாக எண்ணைச் சுழற்றி இணையத்துக்குள் நுழைந்த காலத்து வழக்கத்தின் மிச்சம் அது.

லேன் பக்கம்தான் சுவையானது. உங்கள் வீட்டிலும் 192.168.1.1, உங்கள் நண்பர் வீட்டிலும் 192.168.1.1. ஒரே முகவரி இரண்டு வீடுகளுக்கு எப்படி இருக்க முடியும்?

பழைய வகை ஐபி முகவரி 32 பிட் நீளமுள்ளது. 2இன் 32ஆம் அடுக்கைக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 4.29 பில்லியன் வரும். உலகத்தில் உள்ள மனிதர்களுக்கு ஆளுக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. அதனால் 1996ஆம் ஆண்டில், 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 எனத் தொடங்கும் மூன்று தொகுதிகளை வெளியே பயன்படுத்தாமல் உள்ளுக்குள் மட்டும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று வரையறுத்து வெளியிட்டார்கள். எல்லாப் பள்ளியிலும் ‘3பி’ வகுப்பு இருப்பதைப்போல. 

அந்த ஒப்புமையையே தொடரலாம். 3பி மாணவர் ஒருவர் வெளியே கடிதம் அனுப்புகிறார். பள்ளி அலுவலகம் அதில் பள்ளியின் முகவரியைப் போட்டு, ஓரத்தில் ஒரு குறிப்பெண்ணை எழுதி, “இந்த எண் 3பி மாணவருடையது” என்று தன் ஏட்டில் பதிந்துகொள்கிறது. பதில் அதே குறிப்பெண்ணோடு வரும்போது ஏட்டைப் பார்த்து வகுப்புக்கு அனுப்பிவிடுகிறது. ரவுட்டரும் இதைத்தான் செய்கிறது, விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை. இதை ‘நேட்’ என்பார்கள். குறிப்பெண்ணுக்குப் ‘போர்ட்’ என்று பெயர்; 65,535 வரை போகும். ஏட்டில் பதிவே இல்லாமல் வெளியிலிருந்து ஏதாவது வந்தால், யாருக்குக் கொடுப்பது என்று தெரியாததால் ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிடும். பாதுகாப்புக்காகச் செய்ததல்ல, ஆனாலும் நல்ல பாதுகாப்பு.

சரி, வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு எண் கொடுப்பது யார்? அதுவும் ரவுட்டர்தான். ‘டிஎச்சிபி’ என்ற பகுதி, உதாரணத்துக்கு 192.168.1.100 முதல் 199 வரை உள்ள எண்களைக் கருவிகளுக்கு வாடகைக்கு விடும். வாடகைதான், சொந்தமில்லை. எங்கள் வீட்டு அச்சு இயந்திரம் சில வாரங்களுக்கு ஒருமுறை ‘காணவில்லை’ என்று சொல்லும். மையை மாற்றினேன், மென்பொருளை நீக்கி மறுபடி போட்டேன், கடைசியில் புதிதாக வாங்கவும் விலை பார்த்தேன். இயந்திரத்தில் கோளாறு ஒன்றுமில்லை. அணைத்து வைத்திருந்தபோது வாடகைக் காலம் முடிந்து, அதற்கு வேறு எண் கிடைத்திருந்தது. மடிக்கணினியோ பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருந்தது. அமைப்புப் பக்கத்தில் ‘முகவரி ஒதுக்கீடு’ என்ற இடத்தில் அச்சு இயந்திரத்துக்கு ஒரே எண்ணை நிரந்தரமாகக் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை.

இனி ‘டிஎன்எஸ்’. நாம் தட்டும் இணையப்பக்கப் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் சேவை இது. எந்த டிஎன்எஸ்ஸிடம் கேட்க வேண்டும் என்பதை வீட்டுக் கருவிகளுக்குச் சொல்வதும் ரவுட்டரே. அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்த திருடன் அந்த ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும். அம்மா வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டினாலும் போலிப் பக்கத்துக்குப் போகக்கூடும். உலாவி எச்சரிக்கலாம், எல்லாரும் எச்சரிக்கையைப் படிப்பதில்லை.

2016 அக்டோபர் 22ஆம் தேதியும் 24ஆம் தேதியும் ஸ்டார்ஹப் நிறுவனத்தின் வீட்டு இணையச் சேவை தடைப்பட்டது. அதன் டிஎன்எஸ் கணினிகளை அளவுக்கு மீறிய கோரிக்கைகள் மூழ்கடித்தன. அவை எங்கிருந்து வந்தன தெரியுமா? பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்களின் சொந்தக் கருவிகளிலிருந்தே என்று நிறுவனம் தெரிவித்தது. வீட்டுக் கேமரா, ரவுட்டர் போன்றவை உரிமையாளருக்குத் தெரியாமலேயே தாக்குதலில் சேர்ந்திருந்தன.

அதற்கு முதல் நாள், அக்டோபர் 21, அமெரிக்காவில் ‘டின்’ என்ற டிஎன்எஸ் நிறுவனம் தாக்கப்பட்டு டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை பலருக்குக் கிடைக்காமல் போயின. அதன் பின்னால் இருந்தது ‘மிராய்’ என்ற நச்சுநிரல். இது பெரிய மந்திரம் எதுவும் செய்யவில்லை. இணையத்தில் முகவரிகளை வரிசையின்றித் தட்டிப் பார்க்கும். ‘டெல்நெட்’ என்ற பழைய கதவு திறந்திருந்தால், ‘அட்மின்–அட்மின்’, ‘ரூட்–12345’ போன்ற 60 சொச்சம் ஆலைப் பெயர்–மறைச்சொல் இணைகளைப் போட்டுப் பார்க்கும். ஒன்று பொருந்தினால் கருவி அதன் வசம். இதை உருவாக்கியவர்கள் 20 வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சர்வர்களை முடக்கும் போட்டிக்கும் இதைப் பயன்படுத்தினார்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்ட செய்தி வெளிவந்தது. ஆனால் அதற்குள் நிரல் இணையத்தில் பரவிவிட்டது.

ஏட்டில் பதிவில்லாததை ரவுட்டர் கீழே போட்டுவிடும் என்றோமே, பிறகு மிராய் எப்படி நுழைந்தது என்று நீங்கள் கேட்க வேண்டும். சில ரவுட்டர்கள் ‘தொலைநிலை நிர்வாகம்’ என்ற பெயரில் தங்கள் கதவையே வெளிப்பக்கம் திறந்து வைத்திருந்தன. கேமராக்களுக்கு வேறு வழி: ‘யுபிஎன்பி’. வீட்டுக் கருவி எதுவும் ரவுட்டரிடம் “இந்தப் போர்ட்டில் வருவதையெல்லாம் எனக்கு அனுப்பு” என்று தானாகவே ஏட்டில் எழுதிவைக்க இது அனுமதிக்கிறது. இணைய விளையாட்டுகளுக்கு வசதி. மோசமான கேமராவுக்கும் அதே வசதி.

2021 ஏப்ரல் முதல், சிங்கப்பூரில் விற்கப்படும் வீட்டு ரவுட்டர்கள் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி மறைச்சொல் இருப்பது அவற்றில் ஒன்று. அதற்கு முன் வாங்கியது, யாரோ கொடுத்த பழையது, வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தது ஆகியவற்றுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. உங்கள் வீட்டில் எது என்று ஸ்டிக்கரைப் பார்த்தால் ஓரளவு புரியும். மறைச்சொல் இருக்கும் இடத்தில் ‘அட்மின்’ என்று இருந்தால் பழைய ஆள்தான்.

வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். எதையும் மாற்றும் முன், இருக்கும் நிலையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாக மறைச்சொல்லை வைஃபை மறைச்சொல்லிலிருந்து வேறாக, நீளமாக மாற்றி எழுதி வையுங்கள். தொலைநிலை நிர்வாகத்தை அணையுங்கள். யுபிஎன்பியையும் அணைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள்; தம்பியின் விளையாட்டு முரண்டு பிடித்தால் வீட்டில் பேசி முடிவெடுக்கலாம். மென்பொருள் புதுப்பிப்பு ‘தானியங்கி’ என்று இருக்கட்டும். வைஃபைப் பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்க வேண்டும்.

வேகம் குறைவு என்ற புகார் வேறு கதை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும், ஆனால் வீவக புளோக்கில் மேலும் கீழும் இடமும் வலமும் இருக்கும் வீடுகளின் வைஃபையோடு மோதும். பாதுகாப்பறையின் தடித்த கான்கிரீட்டுக்கும் இரும்புக் கதவுக்கும் பின்னால் ரவுட்டரை வைத்துவிட்டு, எந்த அமைப்பை மாற்றினாலும் பெரிய பயன் இல்லை.

மிராய் கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருந்ததால், கருவியை அணைத்துப் போட்டால் அழிந்துவிடும். மறைச்சொல் பழையதாகவே இருந்தால் சில நிமிடங்களில் மறுபடியும் தொற்றிக்கொள்ளும். ரவுட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதைப் பத்து விநாடி அழுத்தினால் எல்லாம் ஆலையில் இருந்த நிலைக்குத் திரும்பிவிடும், நீங்கள் மாற்றிய மறைச்சொல் உட்பட. அவசரத்துக்கு அழுத்த நேர்ந்தால், அன்றைக்கே மறுபடி மாற்றுங்கள்.