குதித்தவர் இறங்க இடம் வேண்டாமா?



கூடைப்பந்து ஆட்டத்தில் பந்தை எறிய எம்பிக் குதித்த ஒருவர், கீழே இறங்கும்போது எதிரணிக்காரரின் பாதத்தை மிதித்து, கணுக்கால் பிசகி விழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கே அது நேர்ந்திருக்கலாம். உடனே வாக்குவாதம் தொடங்கிவிடும். "வேண்டுமென்றே காலை உள்ளே விட்டான்" என்பார்கள் ஒரு கட்சியார். "அவன் எங்கே விட்டான்? இவன்தான் போய் மிதித்தான்" என்பார்கள் மறு கட்சியார்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து உலகிலும் 2017-ஆம் ஆண்டில் இதே வாக்குவாதம் பெரிய அளவில் மூண்டது. இரசிகர்கள் மாதக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். கடைசியில் விதியையே கடுமையாக்க வேண்டி வந்தது. இந்த வழக்கில் இயற்பியலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அது என்ன சொல்லும்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

நடந்தது என்ன?

2017 மே 14. ஓக்லண்டு நகரில், தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் முதல் ஆட்டம். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியை சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி எதிர்த்து ஆடிற்று. மூன்றாவது கால் பகுதியில் ஸ்பர்ஸ் 23 புள்ளிகள் முன்னணியில் இருந்தது. அதன் நட்சத்திர வீரர் கவாய் லியனார்ட் அதற்குள் 26 புள்ளிகள் எடுத்திருந்தார்.

அப்போது லியனார்ட் குதித்துப் பந்தை எறிந்தார். அவரைத் தடுக்க வந்த ஸாஸா பச்சூலியா முன்னோக்கி நகர்ந்து வர, லியனார்டின் இடது பாதம் பச்சூலியாவின் பாதத்தின்மேல் இறங்கியது. ஏற்கெனவே அடிபட்டிருந்த கணுக்கால் மறுபடியும் மடங்கிற்று. லியனார்ட் வெளியேறினார். ஆட்டத்தை வாரியர்ஸ் 113–111 என்று வென்றது. தொடரில் லியனார்ட் மீண்டும் ஆடவே இல்லை. ஸ்பர்ஸ் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது.

ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச், இது ஆபத்தான செயல், விளையாட்டுப் பண்புக்குப் பொருந்தாதது என்று கொதித்தார். தாம் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை என்றார் பச்சூலியா. எதிர்க்கட்சி இரசிகர்களும் சும்மா இருக்கவில்லை. ஸ்பர்ஸ் அணியிலேயே முன்பு ஆடிய புரூஸ் போவன் மீது எதிரணிகள் இதே புகாரைச் சொன்னதை நினைவூட்டி, "அப்போது உங்கள் நியாயம் எங்கே போயிற்று?" என்று கேட்டார்கள்.

ஆகாயத்தில் 0.6 வினாடி

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். பந்தை எறிபவரின் உடல் 45 செ.மீ. உயரம் எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள சமன்பாடுதான்:

உயரம் = ½ × ஈர்ப்பு முடுக்கம் × நேரம்²

ஈர்ப்பு முடுக்கத்தை 9.8 மீட்டர்/வினாடி² என்று கொண்டால், உச்சியிலிருந்து தரைக்கு வர 0.3 வினாடி ஆகிறது. மேலே போகவும் அதே 0.3 வினாடி. ஆக மொத்தம் 0.6 வினாடி. தரையைத் தொடும் வேகம் வினாடிக்குச் சுமார் 3 மீட்டர்.

இந்த 0.6 வினாடியில் அவரால் தம் பாதையை மாற்றிக்கொள்ள முடியுமா? முடியாது. காற்றில் உந்தித் தள்ள அவருக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. அவருடைய ஈர்ப்பு மையம் எந்த வளைகோட்டில் சென்று எங்கே இறங்கும் என்பது, கால் தரையை விட்ட அந்தக் கணத்திலேயே முடிவாகிவிட்டது. எறிந்த கல்லுக்கு உள்ள விதிதான் அவருக்கும். கூடையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவர், கீழே யாருடைய கால் இருக்கிறது என்பதைக் காண்பதும் அரிது.

தடுப்பவருக்கு எவ்வளவு நேரம்?

இனி மற்றவரைக் கவனிப்போம். தடுப்பவர் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடி வருகிறார். எதிரி குதிப்பதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் செயல்படத் தொடங்கச் சுமார் 0.2 வினாடி ஆகும். அதற்குள் அவர் 1 மீட்டர் கடந்துவிடுவார். பிறகுதான் நிறுத்த முயல்வார். காலணிக்கும் மரத்தரைக்கும் நல்ல உராய்வு இருந்து, 8 மீட்டர்/வினாடி² எதிர்முடுக்கம் கிடைத்தாலும், நிற்பதற்கு இன்னும் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம் தேவை. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 2.6 மீட்டர்.

இதன் பொருள் என்ன? எதிரி குதித்தபோது தடுப்பவர் 3 மீட்டர் தள்ளி இருந்தால், மனம் வைத்தால் நின்றுவிடலாம். நிற்காமல் அதே வேகத்தில் வந்தாரானால், சரியாக 0.6 வினாடியில் 3 மீட்டர் கடந்து எதிரியின் காலடியில் இருப்பார். ஆனால் 2 மீட்டர் தொலைவில் அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தால், அவர் எத்தனை நல்லவராக இருந்தாலும் நிற்க முடியாது. தடுப்பவரும் முன்னோக்கிக் குதித்துவிட்டார் என்றாலோ, அவரும் எறிந்த கல்தான். இரண்டு கற்கள் ஒரே இடத்தில் விழப்போகின்றன. இருவராலும் தவிர்க்க இயலாது.

அப்படியானால் 2 மீட்டரில் இருந்தவர் குற்றமற்றவரா? அவசரப்படாதீர்கள். பள்ளிக்கூட வாசலில் கண்மண் தெரியாத வேகத்தில் பேருந்தை ஓட்டி வந்தவர், "நான் பிரேக்கை அழுத்தினேன், வண்டி நிற்கவில்லை" என்று சொன்னால் விட்டுவிடுவோமா? "அந்த இடத்தில் அந்த வேகத்தில் ஏன் வந்தாய்?" என்றுதானே கேட்போம்? முடிவெடுக்க வேண்டிய நேரம் கடைசிக் கணத்தில் இல்லை. அதற்கு முன்பே இருக்கிறது. "கடைசியில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது முழு விடை ஆகாது.

ஏன் இத்தனை வேகமாக ஓட வேண்டும்?

இதற்கு ஆட்டத்தின் பாணி மாறியதே காரணம். 1979-80 பருவத்தில்தான் இந்தச் சங்கம் மூன்று புள்ளிக் கோட்டைக் கொண்டுவந்தது. கோட்டின் பெரும்பகுதி கூடையிலிருந்து 7.24 மீட்டர் தொலைவில் உள்ளது. முதல் பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று முறைகூட அங்கிருந்து எறியவில்லை. 2023-24 பருவத்தில் அது 35 முறை ஆகிவிட்டது.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருப்பது எளிய பெருக்கல் கணக்கு. கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று எறிந்தால் நூற்றுக்கு 40 விழுகிறது என்று கொள்வோம். ஓர் எறிக்குக் கிடைப்பது சராசரியாக 0.8 புள்ளி. கோட்டுக்கு வெளியே நூற்றுக்கு 36 விழுந்தாலும் 1.08 புள்ளி கிடைக்கிறது. ஆகவே எல்லா அணிகளும் வெளியே போயின. இந்தப் பாணி அழகா, சலிப்பா என்று இரசிகர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் ஒன்று நிச்சயம்: கூடைக்கு அருகே நிற்கும் தடுப்பவர், ஆகாயத்தில் கைநீட்டி நிற்கும் எதிரியை நோக்கி ஐந்தாறு மீட்டர் பாய்ந்து ஓட வேண்டிய வேலை பெருகிவிட்டது. லியனார்டுக்கு நேர்ந்தது போன்ற இறக்கங்களுக்கான வாய்ப்பும் அந்த ஓட்டத்தோடு கூடவே வருகிறது.

கணுக்காலில் நடப்பது

100 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்கினால், அவருடைய உந்தம் 300 கிலோகிராம்-மீட்டர்/வினாடி. முழங்காலை மடக்கி 0.2 வினாடியில் நின்றால், உந்தத்தை அழிக்க 1,500 நியூட்டன் விசை வேண்டும். அதோடு உடலின் எடை 980 நியூட்டன். மொத்தம் சுமார் 2,500 நியூட்டன். சமதரையில் இந்த விசை கணுக்காலின் நடுவே செல்வதால் மூட்டு அதைத் தாங்கிக்கொள்கிறது.

ஒரே பாதம், அதுவும் அடுத்தவரின் காலணி விளிம்பில் பட்டு இறங்கினால் நிலைமை வேறு. விசை மூட்டின் அச்சிலிருந்து 3 செ.மீ. விலகினாலே போதும், பாதத்தைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் 75 நியூட்டன்-மீட்டர் ஆகிவிடும். 30 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் ஏற்படும் முறுக்கு இது. வெளிப்புறக் காலின் தசைகள் பாதத்தைத் திருப்பி இழுத்துக் காப்பாற்றக்கூடாதா என்று கேட்பீர்கள். அவை விழித்துக்கொள்ளவே 0.06 வினாடிக்கு மேல் ஆகும். முழு விசையைப் பெற இன்னும் நேரம் வேண்டும். அதற்குள் பாதம் கவிழ்ந்துவிடும். முழுச் சுமையும் எலும்புகளைப் பிணைத்து நிற்கும் நார்களின்மேல் விழுகிறது. அவை நீள்கின்றன; சில சமயம் கிழிகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடுத்த பருவத்தில் லியனார்ட் ஒன்பது ஆட்டங்களே ஆடினார். "எல்லாம் அந்தக் கணுக்காலால் வந்த வினை" என்று சிலர் முடிவுகட்டினார்கள். ஆனால் அப்போது தொல்லை கொடுத்ததாகச் சொல்லப்பட்டது அவருடைய வலது தொடைத் தசை. முன்பு மடங்கியது இடது கணுக்கால். ஒன்றன்பின் ஒன்று வந்ததாலேயே ஒன்றால் மற்றொன்று வந்தது என்று சொல்லிவிடக்கூடாது. இது விஞ்ஞானம் பயிலும் எவரும் மறக்கக்கூடாத பாடம்.

விதி என்ன சொல்கிறது?

2017-18 பருவம் தொடங்கும் முன் சங்கம் ஒரு முடிவு செய்தது. எறிபவருக்கு இறங்க இடம் தராமல், பொறுப்பின்றி அவர் காலடியில் புகுந்தால், நடுவர்கள் படக்காட்சியைத் திருப்பிப் பார்த்துச் சாதாரண ஃபவுலை விடக் கடுமையான தண்டனை தரலாம். இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். தடுப்பவரின் மனத்தில் என்ன இருந்தது என்று நடுவர் ஆராய வேண்டியதில்லை. கால் எங்கே இருந்தது, எவ்வளவு வேகத்தில் வந்தது என்று பார்த்தால் போதும். மனத்தை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. இடத்தையும் நேரத்தையும் அளக்கலாம்.

ஆனால் எந்தப் பாதுகாப்பையும் தவறாகப் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள் அல்லவா? சில எறிபவர்கள் காற்றில் இருக்கும்போதே காலை முன்னே உதைத்து, தடுப்பவர்மேல் படச்செய்து, ஃபவுல் கேட்கத் தொடங்கினார்கள். ஈர்ப்பு மையத்தின் பாதையை மாற்ற முடியாது என்றோம். ஆயினும் காலை முன்னே நீட்டி, உடம்பைப் பின்னே சாய்த்தால், மையம் தன் பாதையிலேயே போகும். பாதம் மட்டும் வேறு இடத்தில் இறங்கும். இயற்கைக்கு மாறான இத்தகைய உதைப்புக்கு இனி ஃபவுல் தருவதில்லை என்று 2021-22 பருவத்தில் சங்கம் கண்டிப்புக் காட்டியது. 2023-24 முதல், இலேசாகத் தொட்டதற்கே தூக்கி எறியப்பட்டவர் போல் நடித்து விழுபவருக்கு ஆட்டத்தின்போதே தண்டனை உண்டு. எதிரணிக்கு ஓர் இலவச எறி கிடைக்கும்.

நடிப்பைக் கண்டுபிடிக்கவும் உந்தம் உதவும். 10 கிலோ எடைக்குச் சமமான விசையால் 0.1 வினாடி தள்ளினால், 100 கிலோகிராம் மனிதருக்குக் கிடைக்கும் வேகம் வினாடிக்கு 10 செ.மீ. மட்டுமே. அவர் இரண்டு மீட்டர் பின்னால் பறந்தால், அந்த வேகத்தைத் தந்தவை அவருடைய சொந்தக் கால்களே! ஆனால் ஒற்றைக் காலில் நிலைதடுமாறி நிற்பவர் சிறு தொடுதலிலும் உண்மையாகவே விழக்கூடும். பின்னால் பறப்பது வேறு, விழுவது வேறு.

நீங்களே செய்து பாருங்கள்

30 செ.மீ. அளவுகோலை நண்பர் ஒருவர் செங்குத்தாகப் பிடிக்கட்டும். பூச்சியக் குறிக்கு நேராக உங்கள் விரல்களைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விட்டதும் பிடியுங்கள். அளவுகோல் 20 செ.மீ. இறங்கியிருந்தால் உங்கள் மறுவினை நேரம் 0.2 வினாடி. மேலே உள்ள சமன்பாட்டில் இட்டுச் சரிபாருங்கள். எத்தனை முயன்றாலும் அதைப் பாதியாகக் குறைக்க முடியாது என்பதை விரைவில் தெரிந்துகொள்வீர்கள்.

பச்சூலியாவின் மனத்தில் என்ன இருந்தது? இயற்பியலால் அதற்கு விடை சொல்ல இயலாது. ஆனால் நாளை மாலை உங்கள் பள்ளி மைதானத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல இயலும். எறிபவரை நோக்கி ஓடும்போது கடைசி இரண்டு மூன்று எட்டுகளைச் சிறிதாக வையுங்கள். கையை உயர்த்துங்கள், காலை அவருக்குப் பக்கவாட்டில் திருப்புங்கள். அவர் குதித்த பிறகு யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. இறங்கும் இடத்தை மாற்ற அவருக்கும் வழி இருக்காது. அந்த இடத்தை அவருக்கு விட்டுவைக்க வேண்டியவர் தரையில் கால் ஊன்றி நிற்கும் நீங்கள்தான்.