பசுவின் வயிற்றில் ஓர் உலகம்

வைக்கோலும் புல்லும் மனிதனுக்கு உணவாகா. அவற்றை அவன் மென்று விழுங்கினும், அவற்றினின்று அவனுடைய குடல் பெறக்கூடிய ஊட்டம் மிகச் சிறிதே. ஆனால், அதே வைக்கோலைத் தின்னும் பசு பால் சொரிகின்றது. எருது ஏர் இழுக்கின்றது. ஆடு குட்டி ஈன்று பெருகுகின்றது. மனிதனால் செரிக்க இயலாத பொருளை இவ்விலங்குகள் பாலாகவும் தசையாகவும் ஆற்றலாகவும் மாற்றுவது எங்ஙனம்? இவ்வினாவிற்குரிய விடை அவற்றின் வயிற்றினுள்ளே உள்ளது.

புல், வைக்கோல், சோளத்தட்டை முதலியவற்றில் மிகுந்திருப்பது செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். இதனைச் சிதைக்கும் நொதியை மனித உடல் சுரப்பதில்லை. பசுவின் உடலும் அதனைச் சுரப்பதில்லை என்பது வியப்பிற்குரிய உண்மையாகும். பசுவிற்காக அவ்வேலையைச் செய்பவை, அதன் வயிற்றில் குடியிருக்கும், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே.

பசுவின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. முதல் அறை பெருவயிறு எனப்படும். வளர்ந்த பசுவில் இது 100 லிட்டருக்கு மேல் கொள்ளத்தக்கது. வயிற்றின் இடப்பக்கத்தைப் பெரும்பாலும் நிரப்பி நிற்பது. இதனை அடுத்துத் தேனடை போன்ற உட்சுவருடைய வலைவயிறும், சுவடியின் ஏடுகளைப் போல மடிப்புகள் அடுக்கிய மூன்றாம் அறையும் அமைந்துள்ளன. நான்காம் அறையே மனிதனுடைய இரைப்பையைப் போன்று செரிமான நீரைச் சுரப்பதாகும்.

மேயும்பொழுது பசு புல்லை நன்கு மெல்லாது விரைந்து விழுங்கிவிடுகின்றது. பின்னர் நிழலில் அமைதியாகப் படுத்து, விழுங்கியதைச் சிறிது சிறிதாக வாய்க்கு மீட்டு அரைக்கின்றது. இதுவே அசைபோடுதல். நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 மணி நேரம் இவ்வேலையிலேயே கழிகின்றது. அசைபோடுவதால் நார் பொடியாவதோடு உமிழ்நீரும் பெருகிச் சுரக்கின்றது. பெரிய பசுவொன்று ஒரு நாளில் 100 லிட்டருக்கும் மேலாக உமிழ்நீர் சுரத்தல் கூடும். அந்நீரில் கலந்துள்ள சோடா உப்பு, பெருவயிற்றில் தோன்றும் அமிலத்தின் கடுமையைத் தணிக்கின்றது.

பெருவயிற்றின் உள்ளே வெளிச்சம் இல்லை. உயிர்வளி இல்லை என்றே கூறலாம். ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ் வெப்பம் எப்பொழுதும் நிலவுகின்றது. அங்குள்ள நீரில் ஒரு மில்லிலிட்டர் எடுத்துப் பார்த்தால், அதில் 1,000 கோடி அளவில் பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றோடு ஒரு செல் விலங்குகளும் ஒருவகைப் பூஞ்சைகளும் வாழ்கின்றன. அவ்விலங்குகளை 1843 ஆம் ஆண்டிலேயே அறிஞர் கண்டறிந்தனர். பாக்டீரியாக்களை ஆராய்வது அத்துணை எளிதாக இல்லை. உயிர்வளி பட்டவுடன் அவற்றுள் பல மடிந்துவிடும். உயிர்வளி புகாத குழாய்களில் அவற்றை வளர்க்கும் முறையை வகுத்தவர் அமெரிக்க அறிஞர் இராபர்ட் ஹங்கேட். பெருவயிற்றையும் அதன் நுண்ணுயிர்களையும் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1966 இல் வெளிவந்தது.

இந்நுண்ணுயிர்கள் நாரைச் சிதைத்து நொதிக்கச் செய்கின்றன. அப்பொழுது அசெட்டிக் அமிலம் முதலிய சில அமிலங்கள் தோன்றுகின்றன. அவை பெருவயிற்றின் சுவர் வழியே குருதியில் கலக்கின்றன. பசுவிற்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு இவ்வமிலங்களாலேயே கிடைக்கின்றது. உடன் தோன்றும் மீத்தேன் முதலிய வளிகள் ஏப்பமாக வெளியேறுகின்றன. மேலும், பெருகிய நுண்ணுயிர்கள் உணவோடு நான்காம் அறைக்குச் சென்று, அங்கே தாமும் செரிக்கப்பட்டுப் பசுவிற்குப் புரதமாகின்றன. பசு நுண்ணுயிர்க்கு உணவும் உறையுளும் தருகின்றது. நுண்ணுயிர் பசுவைப் பேணி வளர்க்கின்றது.

இவ்வுலகின் குடிமக்கள் யாவரும் ஒரு தன்மையர் அல்லர். நாரைச் சிதைப்பவை மெல்லப் பெருகும். அமிலம் மிகுந்தால் வாடும். மாப்பொருளை உண்பவையோ விரைந்து பெருகும். நாள்தோறும் வைக்கோலும் பசும்புல்லும் தின்னும் மாட்டின் வயிற்றில் முதல் வகையே ஓங்கியிருக்கும். தீவனம் மாறினால் குடிமக்களின் விகிதமும் மாறும். அம்மாற்றம் நிகழ இரண்டு அல்லது மூன்று வாரங்கள் வேண்டும். அக்கால அளவு தராமல் தீவனத்தைத் திடீரென மாற்றுவதால் பெருங்கேடு விளைகின்றது.

தமிழ்நாட்டில் மாட்டுப் பொங்கலன்று உழவர் மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்பிற்கு வண்ணம் தீட்டிப் பொங்கலும் பழமும் ஊட்டுவர். ஆண்டு முழுதும் உழைத்த விலங்கிற்கு நன்றி செலுத்தும் நல்ல வழக்கம் இது. ஆயின், அன்பு மிகுதியால் சிலர் பானை நிறையச் சோற்றையே வைத்துவிடுகின்றனர். விருந்தில் எஞ்சிய சோற்றைத் தொட்டியில் கொட்டுவோரும் உளர். வெந்த அரிசி முழுதும் மாப்பொருள். அது பெருவயிற்றை அடைந்தவுடன் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் போன்ற பாக்டீரியாக்கள் அரை மணிக்கும் குறைந்த காலத்தில் இரு மடங்காகப் பெருகுகின்றன. லாக்டிக் அமிலத்தைக் குவிக்கின்றன. உமிழ்நீரால் அதனைத் தணிக்க இயலுவதில்லை. நார் சிதைக்கும் உயிர்கள் மடிகின்றன. பெருவயிற்றின் அசைவு நின்றுவிடுகின்றது. உடல் நீர் பெருவயிற்றுக்குள் இழுக்கப்படுகின்றது. மாடு அசைபோடுவதை நிறுத்தும், வயிறு உப்பும், கழியும், கண் குழியும், பின்னர் எழ மாட்டாமல் படுத்துவிடும். காலத்தே மருத்துவம் செய்யாவிடின் இறத்தலும் உண்டு. ‘அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு’ என்னும் பழமொழி இங்கே எழுத்துக்கு எழுத்து மெய்யாகின்றது.

இந்நிலையில் கால்நடை மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும். அவர் அமிலத்தைத் தணிக்கும் மருந்தையும் இழந்த நீரை ஈடு செய்யும் மருந்தையும் தருவார். நலமுள்ள மாட்டின் பெருவயிற்று நீரை எடுத்து நோயுற்ற மாட்டிற்குப் புகட்டுதலும் உண்டு. குடிமக்களை இழந்த நாட்டில் மீண்டும் மக்களைக் குடியேற்றுவது போன்றது அம்முறை.

நுண்ணுயிரைக் குடியேற்றி நன்மை கண்டதற்கு ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஆராய்ச்சி ஒரு சிறந்த சான்று. தமிழ்நாட்டில் சவுண்டல் என்று வழங்கும் மரத்தின் தழை புரதம் மிக்க தீவனம். ஆயினும், அதில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. அத்தழையை மிகுதியாகத் தின்ற ஆஸ்திரேலிய மாடுகள் முடி உதிர்ந்து, தைராய்டுச் சுரப்பி வீங்கி, மெலிந்தன. ஹவாய்த் தீவின் ஆடுகளோ அதே தழையைத் தின்றும் நோயுறவில்லை. நஞ்சை அழிக்கும் பாக்டீரியா அவ்வாடுகளின் வயிற்றில் இருத்தல் வேண்டும் என்று ரேமண்ட் ஜோன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் கருதினார். அந்த ஆடுகளின் பெருவயிற்று உயிர்களைக் கொணர்ந்து ஆஸ்திரேலியக் கால்நடைகளின் வயிற்றில் செலுத்தியபொழுது, அவையும் நஞ்சைத் தாங்கும் திறம் பெற்றன. இவ்வெற்றி 1986 இல் வெளியிடப்பட்டது. 1992 இல் அந்தப் பாக்டீரியாவிற்கு அவர் பெயரைத் தழுவி சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று பெயர் சூட்டப்பட்டது.

கால்நடை வளர்ப்போர் இவ்வுண்மைகளை மனத்திற் கொள்ளுதல் நலம். புதிய தீவனத்தை முதலில் சிறிதளவே பழையதனோடு கலந்து கொடுத்து, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுதல் வேண்டும். தவிடு, பிண்ணாக்கு, தானியம் கலந்த அடர்தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் பகுத்து வைத்தல் வேண்டும். எத்துணைச் சத்துள்ள தீவனம் கொடுப்பினும், அசைபோடுவதற்குப் புல்லோ வைக்கோலோ போதிய அளவு இருத்தல் இன்றியமையாதது. தானிய மூட்டைகளை மாடுகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். பொங்கல் நாளில் ஒரு கைப்பிடிச் சோறு ஊட்டினாலே நன்றிக்கடன் நிறைவேறும். அதன்பின் வயிறு நிறையப் பசும்புல் இடுவதே அந்த வாயில்லாச் சீவனுக்குச் செய்யும் உண்மையான விருந்தாகும்.