கூட்டம் கூட்டத்தை இழுக்கும்!

தை பிறந்துவிட்டால் திருமயம் வட்டாரத்தில் காளை வளர்ப்பவர்களுக்கு ஓய்வே கிடையாது. காளைக்கு நடை பழக்குவார்கள். குளத்தில் நீந்த விடுவார்கள். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு என்று செலவும் கூடும்.

பிறகு ஒரு கேள்வி வரும். காளையை எந்த ஊருக்குக் கொண்டு போவது?

காரைக்குடி வழியாகப் போனால் சிராவயல் மஞ்சுவிரட்டு. புதுக்கோட்டையைத் தாண்டிப் போனால் விராலிமலை. மதுரைப் பக்கம் அலங்காநல்லூர். பக்கத்துச் சிற்றூர்களிலும் காளைகளை அவிழ்த்து விடுகிறார்கள். ஆனாலும் பேர்பெற்ற ஊருக்கே மனம் ஓடுகிறது.

ஏன்?

காளைக்குப் பேர் வரவேண்டுமானால், பேர்பெற்ற வீரன் அதன் திமிலைப் பிடிக்கப் பாய்ந்து ஏமாற வேண்டும். வீரனுக்குப் பேர் வரவேண்டுமானால், பேர்பெற்ற காளையை அவன் அடக்க வேண்டும். காளையைத் தேடி வீரன் வருகிறான். வீரனைத் தேடிக் காளை வருகிறது. இரண்டையும் பார்க்க ஜனங்கள் வருகிறார்கள். ஜனங்கள் கண்ணில் படவேண்டும் என்று கடைக்காரரும் கம்பெனிக்காரரும் பரிசு தருகிறார்கள்.

முன்பு கொம்பில் கட்டிய சல்லிக்காசுதான் பரிசு. இன்று மோட்டார் சைக்கிள், கார்! பரிசு பெரிதானால் மறு வருஷம் இன்னும் காளைகள் வரும்.

இதைத்தான் பொருளாதார நிபுணர்கள் ‘வலைப்பின்னல் விளைவு’ என்கிறார்கள். வாரச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. ஆள் சேரச் சேரத்தான் சந்தைக்கு மதிப்பு.

ஜல்லிக்கட்டு வழிபாடு, வியாபாரம் அல்ல என்பார்கள். உண்மைதான். ஆனால் தீவனம் விற்பவருக்கும், மாட்டை ஏற்றிப் போகும் வேன்காரருக்கும் அது பிழைப்பு.

2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்து விடப்பட்டன. 400க்கும் மேற்பட்ட வீரர்கள் இறங்கினார்கள். உலக சாதனை என்று பேசப்பட்டது. அதே நாளில் காளை முட்டி இரண்டு பேர் இறந்தார்கள். கூட்டம் பெருகினால் ஆபத்தும் பெருகுகிறது.

கண்ணி அறுந்தது

2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. வாடிவாசல் மூடினால் வீரனுக்கு வேலை இல்லை. வீரன் இல்லாவிட்டால் காளைக்கு விலை ஏது? ஒரு கண்ணி அறுந்ததும் சங்கிலி முழுதும் தளர்ந்தது. 2017 ஜனவரியில் சென்னை மெரினாவில் மாணவர்களும் இளைஞர்களும் திரண்டார்கள். சட்டம் வந்தது, வாடிவாசல் திறந்தது. அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புக் கூறியது.

முந்தியவர் தோற்றார்!

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். ஐ.பி.எல். பந்தயம் தொடங்கியது 2008இல். அதற்கு முன்பே, 2007 நவம்பரில், இந்தியன் கிரிக்கெட் லீக் என்ற போட்டி தொடங்கிவிட்டது. அதன் முதல் கோப்பையை வென்றது சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் அணி. இன்று அந்தப் பேர் யாருக்கு நினைவிருக்கிறது?

அதில் ஆடியவர்களைக் கிரிக்கெட் வாரியம் ஒதுக்கி வைத்தது. பெரிய ஆட்டக்காரர்கள் ஐ.பி.எல். பக்கம் போனார்கள். ரசிகர்கள் பின்னால் போனார்கள். விளம்பரக்காரர்களும் போனார்கள். 2009இல் அந்தப் போட்டி நின்றுபோனது. ஐ.பி.எல்.லோ, 2023 முதல் 5 ஆண்டுகளுக்கு ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையை 2022இல் ரூ.48,390 கோடிக்கு விற்றது!

திருமயத்துக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் தொடங்கியபோது ‘காரைக்குடி காளை’ என்று ஓர் அணி இருந்தது. நல்ல பேர்! ஆனால் ஆட்டங்கள் நடந்தது சென்னையிலும் திண்டுக்கல் நத்தத்திலும் திருநெல்வேலியிலும். ஊர்ப் பேர் வெளியூரில் ஓடியது. ஊருக்குள் கூட்டம் சேர வழி இல்லை. பின்னர் அந்த அணி திருப்பூர் அணியாக மாறிவிட்டது.

கட்டடம் கட்டினால் மட்டும் கூட்டம் வந்துவிடுமா? அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் கீழக்கரையில் அரசு பெரிய ஜல்லிக்கட்டு அரங்கம் கட்டியது. 2024 ஜனவரியில் திறந்தார்கள். அங்கே போட்டிகளும் நடந்தன. ஆனால் பொங்கல் ஜல்லிக்கட்டு பழைய வாடிவாசலிலேதான் நடக்கிறது.

அலங்காநல்லூருக்கு ஆயிரக்கணக்கான காளைகளைப் பதிவு செய்கிறார்கள். அத்தனைக்கும் டோக்கன் கிடைப்பதில்லை. டோக்கன் கிடைக்காத காளைக்காரர் என்ன செய்வார்? புதுக்கோட்டைச் சீமையில் வாடிவாசலுக்குப் பஞ்சம் இல்லை. தையில் தொடங்கினால் சித்திரை வரை ஏதாவது ஓர் ஊரில் கோயில் திருவிழா உண்டு. அங்கே கார் பரிசு இருக்காது. அண்டாவோ சைக்கிளோ கிடைக்கும். பிடிக்க வருகிற பையன்களும் பக்கத்து ஊர்க்காரர்களாகவே இருப்பார்கள்.